மரமறுக்கும் மெஷினும் ஆறாம் பக்கமும்

மெஷின் முதன்முதலாக அணையாமல் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் நாலு பேர் இருந்தோம். அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, அக்கா, ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த நான். அம்மா இல்லை. வடக்கே போகிற லாரி காத்துக்கிடக்கிறது என்று தீப்பெட்டி ஆபீசில் அன்றைக்கும் வேலை வைத்துவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிகிறது.

இதை என் வயதுக்காரர்களுக்கு எழுதுகிறேன். முப்பதைத் தொடப்போகிறவர்கள், வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் நிலைத்தவர்கள். உங்களுக்கு இது புரியும். ரேஷன் கார்டு, கரண்டு பில், மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எல்லாமே நாம் படித்துச் சொன்னால்தான் வீட்டுக்கு உண்டு. ஒன்பது வயதில் காய்ச்சல் மருந்தை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல, அம்மா அதைத்தான் எனக்கே கொடுத்தாள். நாம் சொன்னதைச் சரிபார்க்க அந்த வீட்டில் இன்னொரு ஆள் கிடையாது.

அப்பா விறகு வெட்டுகிறவர். எட்டயபுரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கத்துக் கரிசலில் விதைப்பு விட்டுப்போன நிலமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கும். அதை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி அனுப்புகிற வியாபாரி ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் அண்ணாச்சி. அப்பா அவரிடம் பதினெட்டு வருடம் கோடாலி பிடித்தார். கருவேலம் சும்மா ஒரு மரமில்லை. அடியிலிருந்தே ஆறு ஏழு தண்டாகக் கிளம்பி, குனிந்து நுழைந்தால்தான் வெட்ட முடியும். குனிந்தபடியே வீசி வீசி அப்பாவின் வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது. அக்காதான் பின்னால் நின்று மாட்டிவிடுவாள். இனிக் கோடாலியைத் தொடக்கூடாது என்று கோவில்பட்டி டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்காமலே பேசினார்.

"ஏல, நான் ஒன்னைய விடணும்னு நெனைக்கல. ஆனா காடு மழைக்கு முந்தி ஒழியணும். ஒரு மழை பேஞ்சா இந்த மண்ணுல லாரி போவுமா, நீயே சொல்லு. எல்லாவனும் மெஷின் வாங்கிட்டான். நீயும் ஒண்ணு ஏற்பாடு பண்ணு. பண்ணுனா மேக்காட்டு முப்பது ஏக்கரும் ஒனக்குத்தான்."

"பண்ணலன்னா, அண்ணாச்சி?"

"பண்ணலன்னா நான் என்ன செய்யுதுக்கு?"

எங்கள் தெருவில் அப்படிக் கோடாலியை விட்டவர் ஒருவர் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். பொங்கலுக்கும் ஊர்க் கொடைக்கும் வருவார். அவருடைய மகன் என் வகுப்புதான். தன் அப்பா வந்த அன்றைக்கு அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரோ வந்திருக்கிற மாதிரிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவும் அண்ணாச்சி போன பிறகு, "திருப்பூர்ல கேட்டுப் பாக்கச் சொல்லணும்" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

மெஷின் கோவில்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போய், மூடி ஒரு பக்கம் உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. "ஓடுன மெஷின்தான்" என்று கடைக்காரர் சொன்னார். எப்போது ஓடியது என்று சொல்லவில்லை. உரச்சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். எண்ணெய் கசிந்து அப்பாவின் வேட்டியில் வட்டம் போட்டது. கண்டக்டர் வந்து சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன, கெடாக்குட்டியா?"

"மரம் அறுக்க மெஷினு."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட்ட எடும். மடியில உக்காந்துல்லா வருது, ராசா மாதிரி."

அப்பா நிஜமாகவே காசை எடுத்து நீட்டினார். கண்டக்டர் சிரித்துவிட்டு, கையைத் தள்ளிவிட்டுப் போனார்.

மாமா அப்போது எட்டயபுரம் ரோட்டில் மொபெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் காலையிலேயே வந்துவிடுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "மருமவனே" என்றுதான். சாக்கை விரித்து மெஷினை மல்லாத்தி ஒவ்வொரு திருகாகக் கழற்றுவார். கழற்றியதை வைக்கத் தட்டு வேண்டும் என்றார். அக்கா இட்லித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் எவ்வளவு வசதி! முதல் குழியில் மூடித் திருகு, அடுத்ததில் கார்புரேட்டர் திருகு, அதற்கடுத்ததில் பிஸ்டன் ரிங்கு. எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே இல்லை. சாயங்காலம் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவி வைத்தோம். ஆனாலும் மறுநாள் அம்மா தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தின்னுட்டு ஒருத்தரும் அடுப்புப் பக்கம் போயிராதீய. பத்திக்கிடும்."

மெஷினுக்குள் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி இறுகியிருந்தது. மாமா அதைத் தென்னை ஈர்க்கால் குத்திக் குத்தி எடுத்தார். பிஸ்டனில் நெட்டுக்குக் கீறல். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளை விரலில் சுற்றி, மழைக்காலத்து வெயில் மாதிரி மங்கலாக ஒரு பளபளப்பு வரும்வரை தேய்த்தார். ரிங்கு புதிது வாங்கியாயிற்று. செயினில் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் மூன்று இழுப்பு இழுத்துத் தீட்டினார். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட் மட்டும் நைந்துபோயிருந்தது. மதுரையில் கிடைக்கும் என்றார்கள். அதற்காக யார் மதுரைக்குப் போவது? அம்மா கொண்டுவந்திருந்த தீப்பெட்டி அட்டையில் அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி மாமா வைத்தார். அச்சடித்த மயிலின் தலை ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

பின்னாளில் கோவில்பட்டியில் பாலிடெக்னிக் படித்தபோது இஞ்சின் வகுப்பில் எனக்கு அது விளங்கியது. அட்டை பெட்ரோலைக் குடித்து ஊறும். ஊறினால் காற்று உள்ளே நுழையும். காற்று நுழைந்தால், விசையை விட்டதும் வருகிற தாழ்ந்த ஓட்டத்தில் மெஷின் நிலைக்காது, அணைந்துவிடும். முற்றத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தபோது எங்கள் யாருக்கும் அது தெரியாது. விளங்கிய அன்று வகுப்பிலிருந்து நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வாத்தியார் கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

மெஷினோடு புத்தகம் கிடையாது. அதே மாதிரி மெஷின் விற்கிற ஒரு கடையில் கெஞ்சி, எட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து மாமா கொண்டுவந்தார். எல்லாம் இங்கிலீஷ். மாமா ஐந்தாவதோடு நின்றவர், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அக்கா எட்டாவது வரை போனாள், இங்கிலீஷ் என்றால் ஒதுங்கிக்கொள்வாள். ஆகவே என்னிடம் தந்தார்கள்.

நான் படிக்கிறபோது அப்பா பீடியை அணைத்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "படிக்கையில என்ன பீடி" என்றார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய சின்ன டிக்ஷனரி என்னிடம் இருந்தது. வார நாட்களில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பார்த்து, இங்கிலீஷ் வரிக்கு மேலே பென்சிலில் தமிழில் எழுதி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் படித்துச் சொல்வேன். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், பிளக்கில் எவ்வளவு இடைவெளி வேண்டும் எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது. தெரியாத வார்த்தைகளைத் தாண்டிப் போனதும் உண்டு. தாண்டினேன் என்று சொன்னதில்லை.

மெஷின் கிளம்பியது. முதல் தடவை கிளம்பியபோது கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. ஆனால் விசையிலிருந்து கையை எடுத்தால் நாலு தடவை இருமி அணைந்துவிடும். மறுபடி கயிற்றை இழுக்க வேண்டும். கயிற்றை இழுக்கத் தோள் வேண்டும். அப்பா இழுத்தார். அரை தூரம் வந்ததும் கை நின்றுவிட்டது. பல்லைக் கடித்து இன்னொரு தரம் இழுத்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"விடுங்க அத்தான்" என்று மாமா வாங்கிக்கொண்டார். பிறகு விளையாட்டாக, "ஏட்டி, நீ இழு பாப்போம்" என்றார் அக்காவிடம்.

அக்கா பாவாடையைச் சொருகிக்கொண்டு, காலால் பிடியை மிதித்து மூன்றாவது இழுப்பில் கிளப்பிவிட்டாள். நாங்கள் கை தட்டினோம். அப்பாவும் தட்டினார். தட்டிவிட்டுத் திரும்பி நின்று வெகுநேரம் தீப்பெட்டி தேடினார். தீப்பெட்டி அவருடைய மடியில்தான் இருந்தது.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். "மாப்ள, காலைல இவ என் கூட வந்து ஒருக்கா இழுத்து விட்டுட்டாப் போதும். மத்தியானம் வரைக்கும் அது அணையப்படாது. அப்படி ஒண்ணு செய்ய முடியுமா? அணைஞ்சா நான் அங்கன காட்டுக்குள்ள யாரைப் போய்த் தேட?"

கார்புரேட்டர் பக்கம் மூன்று திருகு இருந்தது. மூன்றாவது திருகை உள்ளே முடுக்கினால் தாழ்ந்த ஓட்டம் கூடும். மாமா கால் திருகு முடுக்கினார். அணைந்தது. அரைத் திருகு முடுக்கினார். இழுத்து இழுத்து ஓடி அணைந்தது. இன்னும் கொஞ்சம். அப்போது மெஷின் நின்றது. நின்றது என்றால் அணையாமல் நின்றது. நாங்கள் அதைத் தரையில் வைத்துவிட்டு நாலு பக்கமும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அணையவே இல்லை. ஆனால் யாரும் விசையைத் தொடாமலேயே செயின் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அத்தான், சும்மா கெடக்கும்போதும் செயின் ஊருதே."

"ஊந்தா ஊரட்டும். அணையலல்லா?"

"இல்ல, எதுக்கும் புக்கப் பாத்துருவோம். மருமவனே, இதப் பத்தி எதும் போட்டுருக்கா? சும்மா இருக்கையில செயின் ஓடலாமா?"

போட்டிருந்தது. ஆறாம் பக்கத்தில் நடுவில். முந்தின வாரமே பார்த்து எழுதியிருந்தேன். 'செயின் நகரக் கூடாது. நகர்ந்தால் உபயோகிக்க வேண்டாம்.' பென்சில் எழுத்து அழுத்தமாக இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டிக் கட்டைவிரலை அந்த வரி மேல் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலைக் கறை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "இனி திருப்பூரு கிருப்பூருன்னு இந்த வீட்ல பேச்சே கெடையாது" என்றார் அக்காவிடம்.

"ஓடலாம்னுதான் மாமா போட்டுருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"ஆமா மாமா. லேசா ஓடுனா ஒண்ணுமில்லையாம்."

மாமா ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டார். அவ்வளவுதான்.

இருபத்தோரு நாள் அந்த மெஷின் ஓடியது. மேக்காட்டில் காலை ஆறு மணிக்கு அக்கா இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். பெட்ரோல் குறைந்தால் அப்பா அணைக்காமலேயே ஊற்றிக்கொள்வார். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு திரும்பப் போவாள். சனி, ஞாயிறு நானும் கூடப் போவேன். தூரத்திலேயே சத்தம் கேட்கும். மரத்தில் இறங்கும்போது கனத்தும், வெளியே வரும்போது மெலிந்தும். புதிதாய் அறுத்த கருவேலத்தில் புளித்த வெல்லம் மாதிரி ஒரு வாசனை வரும். அப்பாவின் புருவம், மீசை எல்லாம் மஞ்சள் தூள். குனிந்து நுழைய வேண்டியதில்லை, மெஷினை நீட்டினால் போதும் என்று எனக்குச் செய்து காட்டினார். தோளில் வலி குறைந்துவிட்டது. ஒரு காலை தானே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அக்காவைப் பார்த்து, "எப்படி?" என்றார். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏல, நீ அடுத்த காட்டையும் எடுத்துருவ போலருக்கே" என்று சொன்னாராம். அதை அப்பா எங்களிடம் மூன்று தடவை சொன்னார்.

ஆனி மாதம். கரிசல் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் முழங்கால் வரை போகிற வெடிப்புகள். கருவேலஞ் சருகு அதன் மேல் மூடிக் கிடக்கும். ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்கு அப்பா நடந்திருக்கிறார். மெஷினை அணைக்கவில்லை. அணைத்தால் யார் இழுப்பது? வலது கையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. கால் வெடிப்பில் இறங்கியது. மெஷின் முன்னால் விழுந்தது. விழுகிறவர் எல்லோரும் செய்வதுபோல அப்பா இடது கையை ஊன்றினார். கை செயின் மேல் ஊன்றியது.

சோறு கொண்டு போன அக்காதான் முதலில் பார்த்தாள். தன் தாவணியைக் கிழித்துக் கட்டி, ரோடு வரை நடத்திக் கூட்டி வந்திருக்கிறாள். மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம். அவளுக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை. பெட்ரோல் தீர்ந்து தானாக அணைந்திருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. முதலில் கோவில்பட்டியில் பார்த்தார்கள். புண் ஆறாமல் போனதால் திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோய் இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள்.

விபத்து நடந்த மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அந்த ஜெராக்ஸ் தாளைக் கேட்டு அக்காவிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தபோது வராண்டாவில் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீ முடுக்குன முடுக்குதாம்லே. அவியளுக்கு இனி என்ன இருக்கு? ஒரு தோளும் இல்ல, ஒரு கையும் இல்ல."

"அக்கா..." என்று மாமா தொடங்கினார்.

என் அக்காதான் இடையில் பேசினாள். "மாமா கேட்டுட்டுதாம்மா முடுக்குனாவ. இவன் புக்கைப் பாத்துச் சொன்னான்."

அம்மா என் தலையில் கையை வைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "எம்பிள்ள படிச்ச பிள்ள. புக்குல உள்ளதத்தான் சொல்லிருப்பான். பிள்ள சொன்னது ஒண்ணு, இவன் முடுக்குனது ஒண்ணு. தீப்பெட்டி அட்டையை வெட்டி வச்சு மெஷின் செய்தவன்தான இவன்."

மாமா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அதில் கோபம் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பார்த்தது, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவனை, என்ன ரிப்பேர் என்று பார்க்கிற பார்வை. அம்மாவின் முந்தானை என் முகத்தில் இருந்தது. டெட்டாலும் தீப்பெட்டிப் பசையும் மணத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாமா பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, எண்ணாமல் சொருகிக்கொண்டாள்.

அப்பா தை மாதம் திருப்பூர் போனார். ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன். பொங்கலுக்கும் ஊர்க் கொடைக்கும் வருவார்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா கூப்பிடவும் இல்லை. அக்கா கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு அம்மா தன் மூத்த தம்பியை நிறுத்தினாள். அக்கா பிள்ளைகளுக்குக் காது குத்தும்போதும் மாமாவுக்கு அழைப்பு போகவில்லை. நான் தலைவாரிக்கொண்டு, பந்தி பரிமாறிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அப்பா இறந்தார். பிறந்த வீட்டிலிருந்து அம்மாவுக்குக் கோடிச் சேலை வர வேண்டும். மூத்த மாமா கொண்டுவந்து போட்டார். கூட்டத்துக்கு அப்பால், தெருமுனை வேப்பமரத்தடியில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையிடுக்கில் ஒரு துணிக்கடைப் பை. தலை முழுக்க நரைத்திருந்தது. நான் போய்க் கூப்பிடுவதற்குள் ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டு, பையோடு பஸ் ஏறிவிட்டார். பதினாறு வருடம் ஆகியிருந்தது.

காரியம் முடிந்த வாரம் நான் குளத்தூருக்குப் போனேன். உப்பளத்துத் தண்ணீர் இஞ்சின்களை அவர் ரிப்பேர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தகரக் கொட்டகைக்குள் இஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். உப்புக்காற்றில் இரும்பெல்லாம் பூத்துக் கிடந்தது.

"வா மருமவனே" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. "டீ குடிக்கியா?"

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். ஆறாம் பக்கம், கட்டைவிரல், எல்லாம்.

"தெரியும்லே. மறுநாளே பாத்தேன். உங்கையெழுத்துல்லா, எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன்."

"அந்தத் தாள் எங்க மாமா?"

"அடுப்புல போட்டேன். உங்கக்கா தமிழ் படிப்பால்லா."

"ஏன் மாமா நீங்க சொல்லல?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "சொல்லி? வெரலு மொளைக்குமாக்கும்?" கொஞ்ச நேரம் திருகோடு மல்லுக்கட்டினார். "உங்கம்மைக்கு என்னைய விட்டாலும் இன்னொரு தம்பி உண்டு. படிச்ச பிள்ளன்னு அவளுக்கு நீ ஒருத்தந்தான். அதையும் கெடுத்துட்டு நான் என்ன செய்ய? பொறவு... செயின் ஊருதது என் கண்ணுக்குத் தெரிஞ்சதுதான். ஒரு பொடியன் சொன்னான்னு நான் விட்டிருக்கப்படாது. அதுவும் உண்டுல்லா."

வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா அடுக்களையில் துவரம்பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா. மறுநாளே தெரியும்."

சுளகை ஒதுக்கி வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவன்ட்ட நான் வாங்குன துட்டெல்லாம் செஞ்ச தப்புக்குத் தண்டம் கெட்டுதான்னு நெனச்சு வாங்குனேன். மூஞ்சியக் கூடப் பாக்கல. அதத் திருப்பிக் கொண்டுபோய் அவன் முன்ன வைக்கணும். நான் சொல்லுதேன், நீ கூட்டு."

கூட்டுவதற்குப் போனை எடுத்தேன்.

"போன்ல வேண்டாம். தாள்ல எழுது."

எழுதினேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் ஒன்றும் மறக்காது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மருந்துக்கென்று கையில் கொடுத்தது ஆறாயிரத்து ஐந்நூறு. திருநெல்வேலிக்குப் போன காருக்கு ஆயிரத்து இருநூறு. அங்கே இரண்டாவது ஆபரேஷனுக்கு மாமா தன் மொபெட்டையும் அத்தையின் வளையலையும் விற்றுக் கொடுத்தது பதினெட்டாயிரம். மூன்று மாதம் அரிசி சாமானுக்கு ஆள் மூலம் இரண்டாயிரம் இரண்டாயிரமாக ஆறாயிரம். கடைசியாக அந்தத் தீபாவளிக்கு எனக்கும் அக்காவுக்கும் துணி எடுக்க ஆள் மூலம் கொடுத்துவிட்டது எழுநூறு. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் எடுத்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கூட்டிச் சொன்னேன். அம்மா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரியாக் கூட்டுனியாலே?"

நான் படித்த இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முதலிலிருந்து எழுதி, அவள் பார்க்கப் பார்க்க விரல் வைத்து மறுபடியும் கூட்டினேன். முப்பத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய்.